கல்யாணச் செலவில் பகட்டு எங்கே நுழைகிறது, ‘போதும்’ என்று எங்கே நிறுத்துவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு சாதாரணக் குடும்பம் கையிருப்பை மொத்தமாக வெளியே எடுக்கிற காரியங்கள் இரண்டு: வீடும் கல்யாணமும். வீட்டில் போட்ட பணம் சுவராக நிற்கும். கல்யாணத்தில் போட்ட பணத்தில் பெரும்பகுதி இரண்டு நாளில் தீர்ந்துவிடும், கடன் மட்டும் ஐந்தாறு வருடம் நிற்கும். அந்தக் கடன் பெரும்பாலும் சோற்றாலோ தாலியாலோ வருவதில்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்ற ஒரு நினைப்பால் வருகிறது. கல்யாணம் வைத்திருக்கும் பெற்றோரும், கட்டிக்கொள்ளப் போகும் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

ஒரே பெண். வாழ்க்கையில் ஒரு தடவை நடப்பது. கொஞ்சம் தாராளமாகச் செய்தால் அதைப் பகட்டு என்பதா?

தாராளம் வேறு, பகட்டு வேறு. வந்தவர் வயிறு நிறையச் சாப்பிட்டுப் போக வேண்டும், முழங்கால் வலியோடு வெளியூரிலிருந்து வரும் பெரியம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் ஒரு அறை வேண்டும், கிராமத்து உறவுகளை ஏற்றிவர ஒரு வேன் வேண்டும். இவை தாராளம். இதில் பணம் போனால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒவ்வொரு செலவையும் எழுதும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: ‘இதை யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் செய்வோமா?’ பெரியம்மாவின் அறையை யாரும் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் செய்வோம். நுழைவாயிலில் இருபதடி உயரப் பூ வளைவு? பார்க்க ஆள் இல்லையென்றால் அதை நினைத்தே இருக்க மாட்டோம். பகட்டுச் செலவில் உள்ள ஆபத்து என்னவென்றால், அதற்கு எல்லை கிடையாது. வயிற்றுக்கு ஒரு அளவு உண்டு, பக்கத்து வீட்டைவிட ஒருபடி மேலே என்பதற்கு அளவே இல்லை. நீங்கள் ஒருபடி ஏறினால் அடுத்த வருடம் அவர்கள் இரண்டு படி ஏறுவார்கள்.

அப்படியானால் எவ்வளவு செலவு செய்யலாம்? கணக்கு எப்படிப் போடுவது?

மண்டபம் பார்க்கப் போவதற்கு முன்னால், ஒரு நோட்டில், பேனாவால் எழுத வேண்டும். கையிலும் வங்கியிலும் இருப்பது, முதிர்வுக்கு வந்த சீட்டு அல்லது வைப்புத்தொகை, பிள்ளைகள் தாமாகத் தருவதாகச் சொன்னது. இதைக் கூட்டுங்கள். அதிலிருந்து ஆறு மாத வீட்டுச் செலவைக் கழியுங்கள். அடுத்த பிள்ளையின் படிப்புக்கு இந்த வருடம் கட்ட வேண்டியதைக் கழியுங்கள். ஏற்கெனவே ஓடும் தவணைகளில் ஆறு மாதத்துக்கானதைக் கழியுங்கள். மீதியில் பத்தில் ஒரு பங்கை எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்குங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் கல்யாணம்.

ஒரு உதாரணம். கூட்டுத்தொகை 9 லட்சம். ஆறு மாத வீட்டுச் செலவு ஒன்றரை லட்சம், இளைய மகனின் கல்லூரிக் கட்டணம் 1 லட்சம், ஓடும் தவணை எதுவும் இல்லை. மீதி ஆறரை லட்சம். அதில் 65 ஆயிரம் ஒதுக்கு. ஆகக் கல்யாணம் 5 லட்சத்து 85 ஆயிரத்துக்குள் அடங்க வேண்டும். பக்கத்தின் மேலே அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வீட்டில் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். விளையாட்டாகத் தோன்றலாம். மூன்று மாதம் கழித்து நகைக்கடையில் நிற்கும்போது அந்தக் கையெழுத்துதான் கைகொடுக்கும்.

இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதவை இரண்டு: வரப்போகும் மொய், ‘விற்றால் நல்ல விலை போகும்’ என்று சொல்லப்படும் நிலம்.

செலவைப் பிரிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஆள் கணக்கு, பிறகு சாப்பாடு, பிறகு மண்டபம், அதற்கப்புறம் மற்றவை. பெரும்பாலானோர் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரம் பேர் உட்காரும் மண்டபத்துக்கு முதலில் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் நாற்காலி காலியாக இருந்தால் அசிங்கம் என்று ஆயிரம் பேரை அழைக்கிறார்கள். அங்கேயே சாப்பாட்டுச் செலவு இரட்டிப்பாகிவிடுகிறது.

ஆள் கணக்கை எப்படிக் குறைப்பது? ஒருவரை விட்டால் மற்றவர் கோபித்துக்கொள்வாரே?

பத்திரிகை எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடாதீர்கள், வீட்டை வைத்து எழுதுங்கள். ஒரு வரியில் வீட்டுப் பெயர், பக்கத்தில் எத்தனை பேர் வருவார்கள், எந்த வேளைக்கு வருவார்கள். வரவேற்புக்கு மட்டும் வருபவர், முகூர்த்தத்துக்கு மட்டும் வருபவர், இரண்டுக்கும் இருப்பவர் என்று மூன்று வகை. இப்படி எழுதாதவர்கள் இரண்டு வேளைக்கும் முழு எண்ணிக்கையைச் சமையல்காரரிடம் சொல்லிவிடுகிறார்கள்.

விடுவதற்கு ஒரு நேர்மையான அளவுகோல்: கடந்த மூன்று வருடத்தில் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு நாம் போனோமா, நம் வீட்டுக்கு அவர் வந்தாரா? இரண்டும் இல்லையென்றால் அந்தப் பத்திரிகை உறவுக்காகப் போவதில்லை, கூட்டம் காட்டப் போகிறது. ஒரே கிளையில் சிலரை அழைத்துச் சிலரை விடுவதுதான் மனஸ்தாபத்தைக் கிளப்பும். விட்டால் கிளையோடு விடுங்கள், அழைத்தால் கிளையோடு அழையுங்கள்.

மண்டபம் பேசும்போது எங்கே கை கடிக்கிறது?

வாடகையில் கடிப்பதில்லை, வாடகைக்கு வெளியே கடிக்கிறது. மின்சாரம் யூனிட் கணக்கில் தனி. ஜெனரேட்டர் டீசல் மணிக்கணக்கில் தனி. துப்புரவு, சமையல் எரிவாயு, ஏசி அறைகள், பாத்திரம், காவலாளிக்கு அன்பளிப்பு. வெளி ஆளை வைத்து மேடை அலங்காரம் செய்தால் சில மண்டபங்கள் அதற்கும் ஒரு தொகை கேட்கும். வாடகைக்கு 18% ஜிஎஸ்டி உண்டு. இவற்றை முன்பணம் கொடுக்கும் முன்பே ஒரே தாளில் எழுதி வாங்குங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் மின்மீட்டரைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்ல பழக்கம்.

மண்டபத்தின் முகப்பைவிடச் சாப்பாட்டுக்கூடத்தைப் பாருங்கள். 600 பேர் வருகிறார்கள், கூடத்தில் 150 இலை போடலாம் என்றால் நாலு பந்தி. இலை எடுத்துத் துடைத்து மறு இலை போட ஒரு பந்திக்குச் சுமார் 40 நிமிடம். ஆக இரண்டரை மணி நேரத்துக்கு மேல். மேலே சரவிளக்கு தொங்கினாலும், கீழே சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று காத்திருக்கும் மண்டபத்தில் விருந்தாளிக்கு மரியாதை இல்லை.

தை, வைகாசி, ஆவணி வளர்பிறை முகூர்த்தங்களில் வாடகை ஏறும். குடும்பத்துக்கு ஆட்சேபம் இல்லையென்றால் வாரநாள் முகூர்த்தத்தைக் கேட்டுப் பாருங்கள், பேரம் பேச இடம் கிடைக்கும்.

சாப்பாட்டில் எத்தனை வகை போட்டால் மரியாதை?

வகையில் மரியாதை இல்லை, சூட்டிலும் பரிமாறும் கையிலும் இருக்கிறது. இலையில் 14, 15 வகையைத் தாண்டினால் மனிதர் தொட்டுப் பார்த்துவிட்டு ஒதுக்குவார். இரண்டு இனிப்பு, பிரிஞ்சி, புளியோதரை என்று முதலிலேயே வைத்துவிட்டால், சாம்பார் சாதம் வரும்போது பாதி வயிறு நிறைந்திருக்கும். வத்தக்குழம்பும் ரசமும் இருப்பதே தெரியாமல் இலையை மூடுகிறார்கள்.

வெள்ளைச் சோற்றுக்கு ஒரு கிலோ அரிசியை எட்டு முதல் பத்துப் பேருக்கு என்பது வழக்கமான கணக்கு. கலந்த சாதம் இரண்டு மூன்று போட்டால் இந்த அளவு குறைய வேண்டும். குறைக்காமல் வடிப்பதால்தான் அண்டா அண்டாவாக மிஞ்சுகிறது. பந்திக்குப் பந்தி இலை எண்ணி எழுதப் பொறுப்பான ஒருவரை நிறுத்துங்கள். சமையலை இலைக் கணக்கில் பேசியிருந்தால் இது கட்டாயம். குறைந்தபட்ச இலை எத்தனைக்கு உத்தரவாதம் கொடுத்தோம் என்பதையும் பேச்சிலேயே தெளிவாக்குங்கள். 600 என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு 430 பேர் வந்தால், வராத 170 இலைக்கும் பணம் போகும்.

மிஞ்சிய உணவைக் கொடுப்பதற்கான ஏற்பாட்டை முதல்நாளே செய்யுங்கள். கோவையில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள் இதற்கென்றே இருக்கின்றன. கடைசிப் பந்தி முடிந்ததும் அழைத்தால் தாமதம். கடைசிப் பந்தி உட்காரும்போதே அழைக்க வேண்டும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் குழம்பும் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும், அவற்றைக் கொடுக்காதீர்கள்.

பெண்ணுக்கு எத்தனை பவுன் போட வேண்டும்?

இதற்கு ஊர் ஒரு எண் வைத்திருக்கும். அந்த எண்ணுக்கும் உங்கள் பெண்ணின் நல்வாழ்வுக்கும் தொடர்பு இல்லை. ஆனால் நகையைச் சேமிப்பு என்று சொல்லித்தான் பகட்டு வீட்டுக்குள் வருகிறது. அதனால் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். விலை தினமும் மாறுவதால் கிராமிலேயே போடுவோம்.

பத்துப் பவுன் என்றால் 80 கிராம். சேதாரமும் செய்கூலியும் சேர்த்து 12% என்று வைத்துக்கொண்டால் 9.6 கிராம். ஆக 89.6 கிராமுக்கான விலை. அதன்மேல் 3% ஜிஎஸ்டி, அது கிட்டத்தட்ட 2.7 கிராம். நீங்கள் கொடுத்தது 92.3 கிராமுக்கான பணம், கழுத்தில் விழுந்தது 80 கிராம். கடை வாசலைத் தாண்டும்போதே ஒன்றரைப் பவுன் போய்விட்டது. திரும்ப விற்கும்போது சேதாரமும் வரியும் ஒருநாளும் திரும்பி வராது. ஆன்டிக், நகாசு வேலைப்பாடு உள்ள ஆரங்களில் சேதாரம் 18, 20% வரை போகும். பார்வைக்குக் கனமாக, மேடையில் எடுப்பாகத் தெரிவதும் அவைதான். கண்ணுக்கு எவ்வளவு எடுப்போ அவ்வளவு இழப்பு.

கல் பதித்த நகையில் கல்லையும் தங்கமாக எடை போடக் கூடாது. அரக்கு நிரப்பிய நகையிலும் அப்படித்தான். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். 22 காரட்டுக்கு 916 முத்திரையும், ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யுஐடி குறியும் நகையிலேயே பொறித்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகை விற்க அந்தக் குறி கட்டாயம். இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால் நகையின் விவரம் வரும்.

சேமிப்புதான் நோக்கம் என்றால், தினமும் போடத் தோதான சங்கிலி, இரண்டு வளையல், தோடு, தாலிக்கொடி. வேலைப்பாடு குறைந்தவை. மிச்சத்தைத் தங்க நாணயமாக அல்லது பெண்ணின் பெயரில் வைப்புத்தொகையாகக் கொடுங்கள். அவள் அவசரத்துக்கு எடுக்க அதுதான் உதவும்.

தமிழக அரசே இந்த வழியில் ஒரு பெரிய மாற்றத்தைச் செய்திருக்கிறது. தாலிக்குத் தங்கமும் திருமண உதவித்தொகையும் கொடுத்துவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் 2022-இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. புதுமைப்பெண் என்ற பெயரில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. கழுத்தில் போடும் தங்கத்தைவிட அவள் கையில் இருக்கும் படிப்பு பெரிது என்பதை ஒரு குடும்பமும் இப்படித் தீர்மானிக்கலாம்.

மேடையில் கவரிங் போட்டால் கேவலம் இல்லையா?

சிதம்பரம் கவரிங் என்பது பெயர்பெற்ற தொழில். கல்யாண செட்டுகள் வாடகைக்கும் கிடைக்கின்றன. கேவலம் கவரிங்கில் இல்லை, அதைத் தங்கம் என்று சொல்லும்போதுதான் வருகிறது. யாராவது கேட்டால் ‘கவரிங்தான் அத்தை, அழகா இருக்குல்ல?’ என்று பெண்ணே சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. மறைத்தால்தான் பயம், பயந்தால்தான் ஊர் பேசும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: மட்டமான முலாமில் நிக்கல் இருக்கும், சிலருக்குக் கழுத்திலும் காதிலும் அரிப்பு வரும். ஒரு வாரம் முன்பே இரண்டு மணி நேரம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டார் ‘எங்க அந்தஸ்துக்கு’ என்று கேட்கிறார்கள். எப்படி மறுப்பது?

1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். குறைந்தபட்சம் 5 வருடச் சிறை. 15,000 ரூபாய் அல்லது வரதட்சணையின் மதிப்பு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதம். கேட்காமல் தாமாகக் கொடுக்கும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. அதிலும், பெண் வீட்டார் தருவது வழக்கத்துக்கு உட்பட்டதாகவும் கொடுப்பவரின் வசதிக்கு மீறாததாகவும் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தகுதிக்கு மீறிக் கொடுப்பதைச் சட்டமும் அன்பளிப்பாகப் பார்ப்பதில்லை.

பேச்சில் இதைச் சட்டமாக எடுத்து வீசினால் உறவு முறியும் என்று பலர் அஞ்சுகிறார்கள். முதலில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

‘சம்பந்தி, எங்களால முடிஞ்சதை எங்க பொண்ணுக்கு நாங்களே மனசாரச் செய்வோம். அதுக்கு மேல ஒப்புக்கிட்டு நாளைக்குக் கடன்காரன் வாசல்ல நின்னா, அந்த அவமானம் உங்க மருமகளுக்கும்தான். இப்பவே ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடுறோம்.’

நல்ல குடும்பம் இதோடு நிற்கும். இதற்குப் பிறகும் தொகை சொல்லிக் கேட்டால், கல்யாணத்துக்குப் பிறகும் கேட்பார்கள். நிச்சயம் நின்றால் ஊர் பேசுமே என்று பயந்து பெண்ணைக் கொடுப்பதைவிட ஆபத்தான பகட்டு வேறில்லை.

கொடுத்த பொருள்களுக்குப் பட்டியல் எழுதுங்கள். 1985-இல் வந்த விதிகள் இதைக் கேட்கின்றன: பொருளின் சுருக்கமான விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர், அவர் என்ன உறவு, கீழே மணமக்கள் கையெழுத்து. ஒரு பிரதி பெண்ணிடம் இருக்கட்டும்.

மொய் வரும், கடனை அடைத்துவிடலாம் என்கிறார்களே?

மொய் வருமானமல்ல, கடன். வட்டி இல்லாத, தவணைத் தேதி தெரியாத கடன். புதுக்கோட்டை மாவட்டத்தின் வடகாடு, கீரமங்கலம் பக்கமும் தஞ்சை மாவட்டத்துப் பேராவூரணி வட்டாரத்திலும் ஆடி, ஆவணியில் மொய்விருந்து வைப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். யார் எவ்வளவு போட்டார் என்று நோட்டு வைத்து, அவர் வீட்டு விருந்தில் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பிப் போடுவார்கள். அந்த ஒழுங்கு இருப்பதால் அது அங்கே ஒருவருக்கொருவர் முதல் திரட்டித் தரும் முறையாக வேலை செய்கிறது.

400 பேர் ஆளுக்கு 500 எழுதினால் 2 லட்சம். அடுத்த பத்து வருடத்தில் 400 விசேஷங்களுக்கு நீங்கள் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் அதே தொகையோ மேலேயோ வைக்க வேண்டும். மொய்ப்பணத்தைச் சமையல் பாக்கிக்குக் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு பத்திரிகையும் வீட்டுக்கு வரும்போது வயிற்றைக் கலக்கும். வந்த மொய்யில் பாதியையாவது தனிக் கணக்கில் போட்டு, திருப்பிச் செய்வதற்கென்றே வையுங்கள்.

கொஞ்சம் கடன் வாங்கியே தீர வேண்டும். எதை வாங்குவது?

5 லட்சத்தை வங்கியில் வருடம் 14% வட்டிக்கு, ஐந்து வருடத் தவணையில் வாங்கினால் மாதம் சுமார் 11,630 ரூபாய். கட்டி முடிக்கும்போது வட்டி மட்டும் 1 லட்சத்து 98 ஆயிரம். அதே 5 லட்சத்தை ஊரில் ‘இரண்டு வட்டி’க்கு வாங்கினால், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது வருடம் 24%. மாதம் 10,000 கட்டிக்கொண்டே இருப்பீர்கள். ஐந்து வருடத்தில் 6 லட்சம் கட்டியிருப்பீர்கள், 5 லட்சம் அசல் அப்படியே நிற்கும். மாதத் தொகை சிறியதாகத் தெரிவதுதான் இதில் உள்ள கண்ணி. கந்துவட்டி, மீட்டர் வட்டியை 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாங்கும் தவணை வீட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. கடன் எதற்காக என்பதையும் நோட்டில் எழுதுங்கள். தாலி, உடுதுணி, சாப்பாடு என்றால் சரி. மேடை அலங்காரத்துக்கு வட்டி கட்டாதீர்கள், அந்தப் பூ மறுநாள் காலை குப்பை வண்டியில் போகும்.

நகைச்சீட்டு கட்டுகிறவர்களுக்கு ஒரு சொல். பெரும்பாலான கடைகள் 11 மாதத்தில் முடிப்பதற்குக் காரணம் உண்டு. கம்பெனிகள் வாங்கும் முன்பணத்துக்கு ஈடாக 365 நாளுக்குள் பொருள் தந்துவிட வேண்டும், இல்லையேல் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும் என்பது விதி. இரண்டு வருடச் சீட்டு, மூன்று வருடச் சீட்டு என்று யாராவது ஆசை காட்டினால் விலகி நில்லுங்கள்.

பேனர், டிரோன், எல்ஈடி திரை எல்லாம் இப்போது சாதாரணம்தானே?

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டியிருந்த ஒரு கல்யாணப் பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த 23 வயதுப் பெண் மேல் விழுந்தது. நிலைதடுமாறிக் கீழே விழுந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறி, உயிர் போனது. வாழ்த்துச் சொல்ல வைத்த துணி அது. யாருடைய பெருமைக்கோ யாரோ செத்தார்கள். பேனர் வைக்காதீர்கள். நண்பர்கள் வைக்கிறேன் என்றாலும் மாப்பிள்ளையே தடுக்க வேண்டும்.

மற்றவை உயிருக்கு ஆபத்தில்லை, பணத்துக்குத்தான். படம் எடுப்பவரிடம் பேசும்போது எத்தனை பக்க ஆல்பம், கூடுதல் பக்கத்துக்கு எவ்வளவு, எடுத்த எல்லாப் படங்களும் கையில் வருமா என்பதை எழுதி வாங்குங்கள். ஒரு நல்ல புகைப்படக்காரர், தாத்தா பாட்டி உயிரோடு இருக்கும்போது அவர்களோடு எடுத்த படம். இருபது வருடம் கழித்துத் தேடி எடுத்துப் பார்ப்பது அதைத்தான்.

பெண்ணே இன்ஸ்டாகிராமில் பார்த்து ஆசைப்படுகிறாள். அவள் மனசை எப்படி உடைப்பது?

உடைக்க வேண்டாம். ‘போதும்’ என்பது எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்வதல்ல. பத்து ஆசையை எழுதச் சொல்லுங்கள், பிறகு ஒன்றை மட்டும் வட்டமிடச் சொல்லுங்கள். அந்த ஒன்றைக் குறைவில்லாமல் செய்யுங்கள். பட்டுப்புடவை என்றால் அவள் மனசுக்குப் பிடித்த காஞ்சிபுரம் பட்டையே எடுங்கள், ஆனால் மறுபடி உடுத்தத் தோதான எடையில் எடுங்கள். ஜரிகை அடர்ந்து நாலு கிலோ கனக்கும் தோற்றத்தில் இருப்பதைக் கல்யாணத்துக்குப் பிறகு யாரும் உடுத்துவதில்லை. அதுவும் ஒரே மடிப்பில் கிடந்தால் மடிப்போடு இற்றுப்போகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்து, மடிப்பை மாற்றி, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

மற்ற ஒன்பது ஆசைகளில் பெரும்பாலானவை அவள் ஆசையே அல்ல, திரையில் பார்த்தது என்பதை அந்த வட்டம் போடும்போது அவளே கண்டுகொள்வாள்.

எளிமையாகவே செய்ய விரும்புகிறோம். சட்டப்படி செல்லுமா?

செல்லும். 1967-இல் தமிழ்நாடு சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்த்த 7ஏ பிரிவின்படி, உறவினர் நண்பர் முன்னிலையில், இருவருக்கும் தெரிந்த மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். புரோகிதர் கட்டாயமில்லை. கோயிலில் செய்வதானால் வயதுச் சான்று, முகவரிச் சான்று, இருவருக்கும் முதல் திருமணம் என்பதற்கான சான்று கேட்பார்கள், அலுவலகத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். எந்த முறையில் செய்தாலும் 2009-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ‘நாங்கள் எல்லாம் எளிமை’ என்று மற்றவர் கல்யாணத்தில் உட்கார்ந்து பேசுவதும் பகட்டுதான். செலவழித்தவர் மனம் புண்படும்படி எளிமையைக் காட்டாதீர்கள்.

ஏற்கெனவே கடனில் கல்யாணம் முடித்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?

எல்லாக் கடனையும் ஒரே தாளில், வட்டி அதிகமானது மேலே வரும்படி எழுதுங்கள். ஊர் வட்டியை முதலில் அடையுங்கள். அதற்குப் பொதுத்துறை வங்கியில் நகைக்கடன் வாங்கினால்கூட லாபம். ஆனால் அடகு வைத்த நகையை மீட்க வழியே தெரியவில்லை என்றால் வருடாவருடம் புதுப்பிக்காதீர்கள். ஏலத்துக்குப் போகும் முன் அதில் ஒரு பகுதியை நீங்களே விற்று மற்றதை மீட்பது நல்லது. பெண்ணின் நகையென்றால் அவள் சம்மதம் இல்லாமல் தொடக் கூடாது.

புது மணமக்களிடம் கணக்கை மறைக்காதீர்கள். தெரியாததால்தான் அவர்கள் தலைதீபாவளிக்கு மோதிரம் வரும் என்று காத்திருக்கிறார்கள். அடுத்தடுத்து ஆடிச் சீர், தலைதீபாவளி, வளைகாப்பு, காதுகுத்து என்று வரிசை நிற்கிறது. ஒவ்வொன்றும் கல்யாணத்தின் அளவிலேயே எதிர்பார்க்கப்படும், ஏனென்றால் அந்த அளவை வைத்தது நாம்தான். புரட்டாசி பிறக்கும்போதே மாப்பிள்ளையை உட்காரவைத்து, ‘மாப்ளே, இந்த வருஷம் வேட்டி சட்டை, பொண்ணுக்கு ஒரு புடவை, வீட்ல பலகாரம், கறிச்சோறு. அவ்வளவுதான். கடன் அடையட்டும்’ என்று மாமனாரே வாய்விட்டுச் சொல்லிவிடட்டும். பெண் வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். அவளை இடையில் நிறுத்தினால் இரண்டு வீட்டுப் பேச்சையும் அவள் ஒருத்தியே கேட்க வேண்டியிருக்கும்.